பெர்மிட் கைக்கு வரும்வரை சுங்கை சிப்புட்டில் எப்படி இருப்பது?

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27, ஒன்பதாம் வகுப்புவரை படிப்பு, மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் (பாமாயில் எடுக்கும் பனை) தோட்டத்தில் குலை வெட்டும் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஏஜெண்டு 1,60,000 ரூபாய் கேட்கிறார். இங்கே ஏற்கனவே இருக்கும் பங்காளி ஒருவரோ, "விசாவே வேண்டாம், சுற்றுலாவில் ஏறி வந்துவிடு, அப்புறம் பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். எந்த வழியில் வருவது, வந்தபின் பெர்மிட் கைக்கு வரும்வரை எப்படி இருப்பது, குடும்பத்தை எப்போது அழைத்துக்கொள்ளலாம் என்பவை அவர் கேள்விகள். தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து வெளிநாட்டு ஆட்களின் பெர்மிட் வேலைகளைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, பங்காளி சொன்ன வழியில் வராதீர்கள். இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் வரும் சலுகை 2023 டிசம்பர் 1 முதல் இருப்பது உண்மை. ஆனால் அது ஊர் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கானது. அந்த முத்திரையோடு ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம். தோட்டத் தொழிலாளருக்கான பெர்மிட்டை இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு வாங்க முடியாது. முதலாளி இங்கே விண்ணப்பித்து, அனுமதி வந்து, அதைக் காட்டி உங்கள் ஊரில் விசா வாங்கி, அந்த விசாவில்தான் நுழைய வேண்டும். 30 நாளைத் தாண்டித் தங்கிவிட்டால் 10,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) குறையாத அபராதமோ, ஐந்து ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். செல்லுபடியாகும் பாஸ் இல்லாமலே இருப்பதாக வழக்குப் போட்டால் பிரம்படிவரை சட்டத்தில் இடமிருக்கிறது.

பங்காளி பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. 2023-ல் அரசாங்கம் ஆர்.டி.கே. 2.0 என்றொரு திட்டத்தைத் திறந்தது. பெர்மிட் இல்லாமல் இங்கே இருந்தவர்களை, குறிப்பிட்ட முதலாளிகள் பணம் கட்டிச் சட்டப்படி வேலைக்கு எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. அதில் சரிசெய்துகொண்டவர்கள் பலர். அவர்கள் வாயிலாகத்தான் 'வந்து மாத்திக்கலாம்' என்ற பேச்சு இன்னும் ஊரில் ஓடுகிறது. அந்தக் கதவு மூடிவிட்டது. இன்னொன்று எப்போது திறக்கும் என்று நம்பிக் குடும்பஸ்தர் ஒருவர் விமானம் ஏறக்கூடாது.

சரியான வழி எது? முதலில் தோட்ட நிர்வாகத்துக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்கக் கோட்டா இருக்க வேண்டும். 2023 மார்ச்சில் புதிய கோட்டா விண்ணப்பங்களை அரசு நிறுத்தி வைத்தது. ஏற்கனவே அனுமதி பெற்ற ஆட்கள் 2024 மே 31-க்குள் நாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அந்தக் கடைசி நாட்களில் விமான நிலையங்களில் நெருக்கியடித்த கூட்டத்தையும், கெடு தவறியதால் கட்டிய பணமெல்லாம் போய்த் தவித்தவர்களையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதனால் 'வேலைக் கடிதம் இருக்கிறது' என்பது போதாது. இமிகிரேஷன் இலாகா கொடுத்த வி.டி.ஆர். அனுமதி உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் இருக்கிறதா, அதில் முதலாளியின் பெயர் என்ன, துறை தோட்டத் துறைதானா, எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். மலாயில் விசா டெங்கான் ருஜுக்கான் என்று எழுதியிருக்கும். அதைக் காட்டாமல் பணம் மட்டும் கேட்கிற ஏஜெண்டிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நீங்கள் பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. அப்படியானால் உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர்., அதாவது குடியேற்றச் சோதனை தேவைப்படும் வகையாக இருக்கும். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போவதற்கு இந்திய அரசின் குடியேற்ற அனுமதி கட்டாயமான நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையத் தளத்தில் பதிவு நடக்க வேண்டும். சென்னையில் இதற்கான அலுவலகம் இருக்கிறது. சிலர் இதை வெட்டி அலைச்சல் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பதிவில்தான் உங்கள் சம்பளமும் ஒப்பந்தமும் முதலாளி பெயரும் ஏறுகின்றன. அதோடு சேர்ந்த பிரவாசி பாரதிய பீமா காப்பீடு, விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் தரும். சுற்றுலாவில் ஏறி வந்தவருக்கு இதில் எதுவும் கிடையாது.

அந்த 1,60,000-க்கு வருகிறேன். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்டு ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். மலேசியப் பக்கத்தில் தோட்டத் துறையில் வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டும் ஆண்டு லெவி 640 வெள்ளி. 2018 ஜனவரி முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும், ஆளின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அப்படியிருக்க 1,60,000 எங்கே போகிறது? வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள், ரசீதோடு. எழுதித் தர மறுத்தால் விட்டுவிடுங்கள், வேலை கைநழுவினாலும் பரவாயில்லை. கடனோடு வந்த ஆள் இங்கே எதையும் எதிர்த்துக் கேட்க முடியாமல் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊரில் நகை அடகில் இருக்கிறது, மாத வட்டி ஓடுகிறது என்ற ஒரே பயத்தில் உடம்பு முடியாதபோதும் வேலைக்குப் போவார்கள், சம்பளம் குறைந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்து கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலேயே ஒரு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கும். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் மலேசியாவின் எண்ணிம (டிஜிட்டல்) வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். இலவசம்தான், அதற்கும் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். விமான நிலையத்தில் முதலாளி தரப்பு ஆள் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் வெளியே விடுவார்கள். ஆகவே வரப்போகிறவர் பெயரும் கைபேசி எண்ணும் உங்கள் சட்டைப் பையில் காகிதத்தில் இருக்கட்டும், போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் திண்டாட வேண்டிவரும். யாராவது 'அங்கே என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்' என்று பொட்டலம் தந்தால் வாங்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும்தான். போதைப்பொருள் விஷயத்தில் இந்த நாட்டின் சட்டம் மிகக் கடுமையானது.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட காத்திருக்கும் காலம். வந்திறங்கிய 30 நாளுக்குள், வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும். ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய், ஹெச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, மலேரியா, தொழுநோய், போதைப்பொருள் எல்லாம் பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் பி.எல்.கே.எஸ். என்கிற தற்காலிக வேலை பாஸ் கிடைக்கும். ஊரில் எல்லாரும் பெர்மிட் என்பது அதைத்தான். தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பு எப்போதாவது காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்தச் சிகிச்சைச் சீட்டையும் பழைய எக்ஸ்ரேயையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். ஆறிப்போன தழும்புகூட படத்தில் நிழலாகத் தெரியும். அப்போது மேல்முறையீட்டுக்கு அந்தக் காகிதம்தான் துணை. பரிசோதனைக்கு முன்னால் இருமல் மருந்தோ வலி மாத்திரையோ சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் பெயரோடு சொல்லிவிடுங்கள்.

பரிசோதனைக்கும் பெர்மிட்டுக்கும் நடுவில் பாஸ்போர்ட் தோட்ட ஆபீசுக்கும் இமிகிரேஷனுக்கும் போய்வரும். அது இயல்பு. ஆனால் வேலை முடிந்ததும் உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 'பாதுகாப்புக்காக ஆபீஸ் வைத்திருக்கும்' என்பார்கள்; சாவி உங்களிடம் இருக்கும் பெட்டகமாக இருந்தால் சரி. பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போது எந்தத் தேதியில், யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகப்புப் பக்கம், விசா, நுழைவு முத்திரை மூன்றையும் போனில் படமெடுத்து மனைவிக்கும் அனுப்பிவிடுங்கள்.

அந்த வாரங்களில் தோட்டத்தையும் டவுனையும் தாண்டிப் போக வேண்டாம். கோலாலம்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை அழைப்பார், பத்துமலை பார்க்க ஆசையாகவும் இருக்கும். வழியில் சோதனை வந்தால், பாஸ்போர்ட் ஆபீசில் இருக்கிறது என்று வாயால் சொல்வதை யாரும் ஏற்க வேண்டியதில்லை. தோட்ட ஆபீஸ் கடிதமும் நகலும் ஓரளவுக்கு உதவும், அவ்வளவுதான். பெர்மிட் வந்தபிறகு ஈப்போ குனோங் சேரோ முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்துக்கே நிம்மதியாகப் போகலாம். அதைவிட முக்கியமாக, விசாவில் எந்த முதலாளி பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் வேலை. டவுனில் ஒட்டுக்கடைக்காரர் 'சாயங்காலம் நாலு மணி நேரம் பாத்திரம் கழுவினால் கைக்காசு' என்று அன்பாகத்தான் கேட்பார். மாட்டினால் பெர்மிட் மொத்தமும் போய்விடும்.

வேலை தொடங்கும் நாளை ஆபீஸ் சொல்லட்டும். அன்றிலிருந்து செக்ரோலில் (வருகைப் பதிவேடு) உங்கள் பெயர் ஏறுகிறதா என்று மண்டோரிடம் (மேஸ்திரி) கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல மண்டோர் காட்டுவார். குலை வெட்டுவது கடினமான வேலை. இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு நீளமான அலுமினியக் கம்பத்தின் நுனியில் அரிவாள். கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துத்தான் குலை பழுத்ததா என்று தெரிந்துகொள்வார்கள். வயலில் உழைத்த உடம்புக்கும் முதல் மாதம் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். மட்டை முள் குத்தினால் அன்றே எடுத்துவிடுங்கள், விட்டால் சீழ் வைத்துவிடும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும் என்பதால் பூட்ஸ் இல்லாமல் உள்ளே இறங்கவே கூடாது. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் தோட்டம் கொடுக்க வேண்டியவை.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. வெளிநாட்டவருக்கும் அதே தொகைதான். டன் கணக்கில் கூலி என்றாலும் முழு மாதம் வேலை செய்தவருக்கு அதற்குக் கீழே போகக்கூடாது. வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஈ.பி.எஃப். (சேமநிதி) உண்டு: உங்களிடம் 2 விழுக்காடு பிடிப்பார்கள், முதலாளி 2 விழுக்காடு போடுவார். வேலையில் அடிபட்டால் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. 2019 முதல் வெளிநாட்டவரும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் எடுத்து வையுங்கள். பிடித்தம் எதற்கு என்று புரியாவிட்டால் முதலில் ஆபீஸ் கிராணியிடம் கேளுங்கள், பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்புவது வங்கியிலோ, இங்குள்ள மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற கடையிலோதான் இருக்க வேண்டும். உரிமம் இல்லாத உண்டியல்காரரிடம் பத்து ரூபாய் அதிகமாகக் கிடைக்கும், ஆள் ஓடிவிட்டால் புகார் கொடுக்கக்கூட உங்களிடம் ஒரு ரசீது இருக்காது.

சரி, ஊரைப் பற்றி. சுங்கை சிப்புட்டில் நீங்கள் அந்நியமாக உணர மாட்டீர்கள், ஆனால் இது உங்கள் ஊரும் இல்லை. ஈப்போவிலிருந்து 30 கிலோமீட்டர் போல இருக்கும். பக்கத்து ஊர் கோலகங்சார், 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிற இடம். அந்த ரப்பருக்காகத்தான் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் எங்கள் பாட்டன்மார் கங்காணியோடு கப்பலேறி வந்தார்கள். இப்போது பால்மரம் போய்ப் பெரும்பாலும் செம்பனை. பிள்ளைகள் மகாத்மா காந்தி கலாசாலை போன்ற தமிழ்ப்பள்ளிகளில் படித்து, தோட்டத்தைவிட்டு வெளியேறிவிட்டார்கள். வெட்டுக்காட்டில் உங்களோடு நிற்கப் போகிறவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளுமாகத்தான் இருப்பார்கள்.

பெர்மிட் கவலை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்ற சட்டம் இறுகியபோது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அதற்கும் முன்னால், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆட்கள் வீதிக்கு வந்தபோது, இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வழி செய்தார். அதனால்தான், டவுனில் ஒரு பெரியவர் உங்களைப் பார்த்ததும் 'பெர்மிட் ஆயிருச்சா தம்பி?' என்று கேட்டால், அது வம்பு இல்லை. உங்கள் மேல் உள்ள அக்கறையில் கேட்பார். பதில் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுங்கள். நாளைக்கு உங்களுக்கு ஒரு சிக்கல் என்றால் மலாயில் கடிதம் எழுதித் தரப்போவதும், இலாகாவுக்குக் கூட வரப்போவதும் அவரைப் போன்றவர்கள்தான்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். 'நம்ம ஊர்ல இப்படி இல்லையே' என்று எதற்கெடுத்தாலும் சொல்வது இங்கே மனதைப் புண்படுத்தும். நாங்கள் மலேசியர்கள். தமிழும் கோயிலும் ஒன்று, நாடு வேறு. காலையில் பார்க்கும்போது 'பசியாறியாச்சா?' என்று கேட்டால் நன்றாகச் சிரித்துப் பேசிவிடுவார்கள். மலாயில் எண்களையும், பெராப்பா (எவ்வளவு), தெரிமா காசே (நன்றி), தோலோங் (தயவுசெய்து, உதவுங்கள்) என்று தினம் வேண்டிய சொற்களையும் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கடையிலும் கிளினிக்கிலும் போலீஸ் முன்னாலும் அவை உங்களைக் காப்பாற்றும்.

சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. சமைத்துச் சாப்பிடும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள், பாதிச் செலவு மிச்சம். காய்ச்சல் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு உள்ள ஒரு வெள்ளிக் கட்டணம் உங்களுக்குக் கிடையாது, வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. அதனால் முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளரைப் பாருங்கள். அப்புறம் சம்சு. தோட்டத்து ஆண்கள் எத்தனையோ பேரை அந்த மலிவுச் சாராயம் கொண்டுபோய்விட்டது, எங்கள் குடும்பங்கள் அதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. தனிமையில் இருக்கும் முதல் மாதத்தில்தான் அது கைக்கு வரும். வேண்டாம் தம்பி. அதே போலத்தான் ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரர் கடனும். பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துக் கடன் வாங்கியவர்களுக்கு நிம்மதி போய்விட்டது.

கடைசியாகக் குடும்பம். இந்தப் பெர்மிட்டில் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்து 10 ஆண்டுவரை இருக்கலாம், ஆனால் முழுக் காலமும் தனியாகத்தான். குடும்பத்தோடு இருக்கிறவர்கள் அதிகாரிகள் தரத்தில் வேறு பாஸில் வந்தவர்கள்; அதைக் காட்டி ஏஜெண்டு ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மனைவி பார்க்க வரலாம், 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாள் என்ற சலுகை அவருக்கும் பொருந்தும். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். தோட்டத்து விடுதி ஆண்களுக்கானது, அங்கே தங்க விடமாட்டார்கள்; டவுனில் தெரிந்த குடும்பம் ஒன்றில் அறை பார்த்து வைத்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஒப்பந்தத்தில் ஊர் விடுமுறை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, டிக்கெட் செலவு யாருடையது என்ற இரண்டு வரியையும் கையெழுத்துப் போடும் முன் மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள்.